வாசலில் அமர்ந்தவர்கள்

ஜினி ரெட்டிகர் இயக்கிய 'ப்ரே த டெவில் பேக் டு ஹெல்' (2008) ஆவணப்படத்தைப் பார்த்தவர்களின் மனதில் தங்கிவிடும் காட்சி ஒன்று உண்டு. 2003 ஜூலை, கானாவின் அக்ரா நகரம். லைபீரியாவின் ஆயுதக் குழுத் தலைவர்கள் பேச்சுவார்த்தையை வாரக்கணக்கில் இழுத்தடிக்கிறார்கள். அங்கே மன்ரோவியாவில் குண்டுகள் விழுகின்றன. வெள்ளை டி-ஷர்ட் அணிந்த பெண்கள் மண்டப வாசலை மறித்துத் தரையில் அமர்ந்துவிடுகிறார்கள். கைதுசெய்ய வந்த காவலர்கள் முன் லேமா போவீ தன் ஆடையைக் களைவேன் என்கிறார். தாய் வயதுப் பெண் தன்னையே நிர்வாணமாக்கிக்கொள்வது அந்த மண்ணில் சாபம். காவலர்கள் பின்வாங்குகிறார்கள். ஆகஸ்ட் 18இல் ஒப்பந்தம் கையெழுத்தாகிறது.

இந்தக் காட்சி நம்மை உலுக்குவது இயல்பு. அடுத்த ஆண்டே இம்பாலில் காங்லா கோட்டையின் முன் மணிப்பூர்த் தாய்மார்கள் நின்றதை நாம் மறக்கவில்லை. ஆனால் படம் இந்த உச்சத்தின் மேல் சாய்ந்து நிற்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

அமைதியைக் கட்டியது ஒரு நாள் கோபமல்ல. தேவாலயப் பெண்களும் மசூதிப் பெண்களும் முதலில் ஒருவரையொருவர் நம்பவே தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைப் பேசித் தீர்த்து, சந்தைப் பெண்களையும் முகாம்களில் இருந்த அகதிப் பெண்களையும் சேர்த்து, மன்ரோவியா மீன்சந்தை அருகே மைதானத்தில் வெயிலென்றும் மழையென்றும் பாராமல் நாள்தோறும் உட்கார்ந்தார்கள். யார் சோறு சமைத்தது, பஸ் காசுக்கு என்ன செய்தார்கள், வீட்டில் பிள்ளைகளை யார் பார்த்தார்கள்? அமைப்பு என்பது இவைதான். படத்தில் இவை வேகமாகக் கடந்துபோகின்றன. இயக்குநரை மட்டும் குறை சொல்ல முடியாது. உலகக் கேமராக்கள் அப்போது துப்பாக்கி ஏந்திய சிறுவர்களின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. உட்கார்ந்திருக்கும் பெண்களைப் படம்பிடிக்க ஆளில்லை. கிடைத்த துண்டுகளைத் தேடிச் சேர்த்துத்தான் இப்படமே உருவானது. கணவர்களுடன் உறவு மறுத்த போராட்டம் மட்டும் உலகச் செய்தியானது. நடைமுறையில் அதனால் பெரிய பலனில்லை, ஊடகக் கவனம்தான் கிடைத்தது என்று போவீயே பின்னாளில் தன் நினைவுநூலில் எழுதினார்.

'தாய்' என்ற சொல்லும் இப்படித்தான். அது பெண்களை வாசல்வரை கொண்டுபோனது. உள்ளே ஒப்பந்தம் இடைக்கால அரசின் அமைச்சகங்களில் பெரும்பாலானவற்றைப் போரிட்ட தரப்புகளுக்கே பங்குபோட்டுக் கொடுத்தது. ஊரை எரித்தவனுக்கு நாற்காலி, ஊரைக் காத்தவளுக்கு நன்றி! இதன் கசப்பைத் தொட்டுவிட்டு, எலன் ஜான்சன் சர்லீஃப் 2006இல் அதிபராகப் பதவியேற்பதைக் காட்டி, வெற்றிக் களிப்பில் படம் முடிகிறது.

மகுடத்தில் முடிவதை ராஜா ராணிக் கதைகளில் பொறுத்துக்கொள்ளலாம். 2011இல் நோபல் பரிசை இணைந்து பெற்ற மூவரில், சர்லீஃப் தன் மகன்களைப் பதவிகளில் அமர்த்தியதைக் கண்டித்து, அடுத்த ஆண்டே நல்லிணக்கப் பணியிலிருந்து போவீ விலகினார். அதே 2012இல் சார்ல்ஸ் டெய்லருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. அது அண்டை நாடான சியரா லியோனில் நடந்த குற்றங்களுக்காக. மீன்சந்தை மைதானத்தில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு நேர்ந்தவை அந்த வழக்கில் இல்லை.