பிரதி எடுப்பது

சென்ற மாதம் திருப்பூரில் என் மைத்துனரோடு ஒரு ரிப்பேர் கடைக்குப் போயிருந்தேன். பனியன் கம்பெனிகளுக்கு எம்பிராய்டரி போட்டுக் கொடுக்கிறவர் அவர். மெஷின் ஜப்பானில் உழைத்து ஓய்ந்த பிறகு இங்கே வந்து சேர்ந்த பழைய சரக்கு. இரண்டு நாளாக அது போட்ட பூவெல்லாம் கோணல். கோளாறு ஊசியிலும் இல்லை, நூலிலும் இல்லை. உள்ளே போர்டில் இருக்கும் ஈப்ராம் என்ற சிப்பில் என்றார் கடைக்காரத் தம்பி.

புத்தகங்களைப் பற்றி எழுத வந்தவன் மெஷினைப் பற்றி ஏன் பேசுகிறான் என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். சற்றுப் பொறுக்க வேண்டும்.

ஈப்ராம் 1971-ல் இன்டெல் கம்பெனியில் டோவ் ஃப்ரோமன் என்பவர் கண்டது. அதன் முதுகில் ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. எழுதாத சிப்பில் எல்லா இடத்திலும் ஒன்று. வேண்டிய இடங்களில் மின்சாரத்தை ஏற்றிப் பூஜ்யமாக்குவதுதான் எழுத்து. பூஜ்யத்தை மறுபடி ஒன்றாக்க வேண்டுமானால், ஜன்னல் வழியாகப் புற ஊதா ஒளியை ஏறக்குறைய இருபது நிமிஷம் காட்டி, எழுதியது முழுவதையும் அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். வெளிச்சம் படாமலிருக்க ஜன்னல்மேல் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். என்ன ஒட்டினாலும், வருஷங்கள் போகப் போக ஏற்றிய மின்சாரம் கசிந்து, பூஜ்யங்கள் சில ஒன்றாகத் தெரியத் தொடங்கும். மெஷினுக்கு மறதி வந்துவிட்டது என்று பொருள்.

மைத்துனரின் சிப் 2764 என்ற ரகம். கொள்ளளவு 8,192 பைட். இன்றைய கம்ப்யூட்டர் எழுத்தில், தமிழில் ஒன்றரைப் பக்கம் தேறினால் அதிகம். அந்தப் பழைய ரகத்தில் எழுத 21 வோல்ட் வேண்டும். லாப்டாப்பில் சொருகியிருந்த தம்பியின் கைப்பெட்டிக்கு அவ்வளவு சக்தி இல்லை. அதனால் கால்கள் ஒத்துப்போகிற, பன்னிரண்டு வோல்ட் சொச்சத்தில் எழுதக்கூடிய 27சி64-ல் பிரதி எடுத்தார். வெளிநாடுகளில் 1970-களின் கம்ப்யூட்டர்களை உயிர்ப்பிக்கிறவர்களும் இப்படித்தான் செய்கிறார்களாம். அவர்களில் பலருக்கு அது பொழுதுபோக்கு. இங்கே வெள்ளிக்கிழமைக்குள் பீஸ் போகாவிட்டால் ஆர்டர் போய்விடும்.

எழுதுவது நிமிஷ வேலை. தம்பி பொழுதைச் செலவிட்டதெல்லாம் படிப்பதில். பழைய சிப்பை ஐந்து தடவை படித்தார். இரண்டு தடவை வேறு வேறு விடை. வோல்ட்டைச் சற்றுக் குறைத்துப் படித்தார். அதுவும் போதாமல், அனுப்பர்பாளையத்தில் அதே மாடல் மெஷின் வைத்திருந்தவரிடம் சிப்பை இரவல் வாங்கி வரச் செய்து, இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டார்.

"கூட்டுத்தொகைதான் ஒத்துப்போகிறதே, தம்பி?" என்றேன், திரையைப் பார்த்து.

"பத்தாதுங்க சார். ஒரு பக்கம் ஒண்ணு கூடி, இன்னொரு பக்கம் ஒண்ணு குறைஞ்சாலும் தொகை அதேதானுங்க வரும்."

உ. வே. சாமிநாதையர் 1887-ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினபோது பல ஏடுகளை வைத்துக்கொண்டு செய்ததும் இதே காரியம்தான். இன்று பழைய நாவல்களை மறுபதிப்புச் செய்கிறவர்களில் எத்தனை பேர் செய்கிறார்கள்? ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரிடம் கொடுத்தால் எழுத்துகளைப் பொறுக்கித் தந்துவிடுகிறது. பக்கக் கணக்குச் சரியாக வந்தால் திருப்தி. மதிப்புரைக்காரர்களும் அட்டையையும் முன்னுரையையும் புகழ்கிறார்களே ஒழிய, எந்தப் பதிப்பை வைத்து அச்சிட்டீர்கள் என்று கேட்பதில்லை. நானும் பல மதிப்புரைகள் எழுதியிருக்கிறேன், நானும் கேட்டதில்லை.

கேட்க வைத்தது சொந்த நஷ்டம். பதினைந்து வருஷத்துக்கு முன் வெளிவந்த என் நாவலுக்கு, சென்ற வருஷம் வேறொரு பதிப்பகம் மறுபதிப்புக் கொண்டுவந்தது. அதே 212 பக்கம். கதாநாயகியைப் புருஷன் ஊருக்குத் திரும்பி வரக் கூப்பிடுகிறான். அவள் ஒரே வரியில் மறுக்கிறாள். புதுப் பதிப்பில் அந்த வரி இல்லை. அவன் கேட்கிறான், அவள் அடுப்பை மூட்டுகிறாள், அத்தியாயம் முடிகிறது. "இவ்வளவும் பட்டபிறகு அவள் எப்படி, சார், சம்மதித்தாள்?" என்று ஒரு வாசகி கோபமாக எழுதியிருந்தார். என் கலையில் ஏதோ நுட்பமான மௌனம் என்று பாராட்டி ஒருவர் கட்டுரையே எழுதிவிட்டார். இரண்டில் எனக்கு அதிகம் வலித்தது பாராட்டுத்தான்.

ரிப்பேர் கடையில் மெஷின் ஓடத் தொடங்கியபிறகும், தம்பி அந்தச் செத்த சிப்பை ஒரு தகரடப்பியில் வைத்து, தேதி எழுதிக் கொடுத்தார்.

"இனி எதற்கு இது?"

"ஒரிஜினலுங்க, சார். நான் எங்காச்சும் தப்புப் பண்ணியிருந்தா?"

பதிப்பகத்துக்கு நான் கொடுத்திருந்தது என்னிடமிருந்த ஒரே முதற்பதிப்பு. ஸ்கேன் செய்வதற்காக முதுகை வெட்டித் தாள் தாளாகப் பிரித்திருக்கிறார்கள். திரும்பக் கேட்டேன். எடைக்குப் போட்டாகிவிட்டது என்றார்கள். விட்டுப்போன வரியை, அந்த வாசகி தம்மிடமிருந்த பழைய புத்தகத்தைப் போட்டோ எடுத்து அனுப்பித்தான் நான் மறுபடி படித்தேன்.