நங்கூரம் தூக்குகிற வினை

1795 முதல் 1957 வரை திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் கையில் இருந்தது. உள்துறைமுகத்திலிருந்து அதன் கப்பல்கள் கிளம்பும்போதெல்லாம் ஒலித்த ஆங்கில வினை 'வெய்'. நங்கூரத்தை வெய் பண்ணு என்பார்கள். சந்தையில் அறுக்குளாவை நிறுக்கிறதுக்கும் அதே வினைதான். நங்கூரத்தை ஏன் நிறுக்க வேண்டும்?

நிறுக்கவில்லை. பழைய ஆங்கிலத்தில் அந்த வினைக்குச் சுமத்தல், தூக்குதல் என்றும் பொருள். தூக்கிப் பார்த்தால்தானே பாரம் தெரியும்? அப்படித்தான் தராசுக்கும் அது வந்தது. வடமொழி 'வஹ்' அதற்கு உறவு. கோணேசர் வீதியுலா வரும் வாகனமும், ரயிலில் நாம் பார்க்கிற 'வேகனும்' அந்த ஒரே வேரில் கிளைத்தவை.

தமிழ் அந்தக் குடும்பமே அல்ல. ஆனாலும் நம் 'தூக்கு' அதே வழியில் நடந்திருக்கிறது. பாரம் தூக்குகிறோம்; வள்ளுவர் தராசுக் கோலுக்கும் தூக்குகிற வேலையைத்தான் கொடுத்தார்; நல்லது கெட்டதைச் சீர்தூக்கிப் பார்க்கிறோம். கை, தராசு, மனம் மூன்றுக்கும் ஒரு வினை போதுமென்று இரண்டு மொழிகள் தனித்தனியே கண்டிருக்கின்றன. எனக்கு இதில் தீராத வியப்பு.

வள்ளத்தில் நின்று பாருங்கள். கயிற்றை இழுத்தால் முதலில் நங்கூரம் வராது, வள்ளம்தான் அதை நோக்கிப் போகும். நேர் மேலே வந்ததும் கயிறு செங்குத்தாக விறைக்கும். இன்னொரு இழுவை, சேற்றிலிருந்து கொக்கி பிடி விடும். அந்த நொடியில் முழுப் பாரமும் கயிற்றில் தொங்கும், கயிறே தராசாகிவிடும். அதைத்தான் ஆங்கில மாலுமி 'அவெய்' என்கிறான். அதன் பிறகு கப்பல் 'அண்டர் வே'. நங்கூரத்திலும் இல்லை, கரையில் கட்டியும் இல்லை, தரை தட்டியும் இல்லை என்றால், அசையாமல் நின்றாலும் கடல் விதிப்படி அதற்கு அந்தப் பெயர்தான். இந்த 'வே' வழியைக் குறிப்பது. மாலுமிகள் பலர் அதையும் 'வெய்' என்றே எழுதிவைத்தார்கள். பிழைதான், ஆனால் வேரைத் தோண்டினால் இரண்டும் சகோதரங்கள்.

1660இல் கொட்டியாரக் குடாவில் நின்ற 'ஆன்' கப்பலின் கதையில் 'தூக்கு' வினையின் இரு பொருளும் உண்டு. கப்டனைக் கண்டி அரசனின் ஆட்கள் மூதூர்ப் பக்கம் பிடித்து வைத்திருந்தார்கள். மகன் ரொபட் நொக்ஸ் கப்பலுக்குப் போய்ச் செய்தி சொன்னான். அப்படியே தப்பியிருக்கலாம். சீர்தூக்கிப் பார்த்துத் தகப்பனிடமே திரும்பினான். கப்பல் நங்கூரம் தூக்கிப் போய்விட்டது. அவன் தீவை விட்டுத் தப்ப 1679 ஆனது.

நம் பத்திரிகைகளில் கப்பல்கள் 'நங்கூரமிடுகின்றன', பிறகு வெறுமனே 'புறப்படுகின்றன'. செய்தி எழுதுகிறவர்களே, இனி அவை நங்கூரம் தூக்கட்டும்.