பொருள்வயிற் பிரிவும் 'கடலுக்கு அப்பால்' புதினமும்

வேங்கடத்தைத் தம் நிலத்தின் வடவெல்லையாகக் கொண்ட பண்டைத் தமிழர், அதற்கு அப்பாற்பட்ட நாட்டை 'மொழிபெயர் தேஎம்' என்றனர். அகநானூறு இத்தொடரை ஆளும். வேங்கடத்திற்குத் தெற்கே, தமிழும் தெலுங்கும் வழங்கும் திருத்தணிகையில் நின்று நோக்குவார்க்கு அதன் பொருள் இனிது விளங்கும். சித்தூர் மாவட்டத்திலிருந்த அவ்வூர் 1960 ஏப்ரல் 1இல் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. ஆண்டு மக்கள் பெயர்ந்திலர், எல்லையே பெயர்ந்தது. பொருள் தேடிக் கடல் கடந்தார் நிலையோ வேறு.

பாலைப் பாட்டுகள் வழியின் ஏதத்தையும் தலைவியின் ஆற்றாமையையும் விரித்துரைக்கும். சென்ற தலைவன் யாரிடம், எத்தொழில் செய்தான் என்பதைப் பெரிதும் கூறா. அவன் மீள்வான் என்னும் துணிவே பாட்டைத் தாங்குதலின், தொழில்நிலம் அங்கே வேண்டப்படவில்லை எனலாம்.

இவ்விடைவெளியை நிரப்பியது இக்காலப் புனைகதை. புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கூலியாளரின் அவலத்தைக் காட்டிற்று. ப. சிங்காரம் 1959இல் வெளிவந்த 'கடலுக்கு அப்பால்' புதினத்தில் பினாங்கின் வட்டிக்கடையைக் காட்டினார். 1938இல் மேடான் நகருக்குச் சென்று தொழில் பயின்றவர் அவர். ஆதலின் பெட்டியடியின் ஒழுங்கை அறிந்தே எழுதினார்.

இதனைக் கைகூடாக் காதற் கதையெனக் கொள்வாரும் உளர். அது முழுதும் பொருந்தாது. கடையில் பணியாற்றிய செல்லையா இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து, போர் முடிந்தபின் மீள்கிறான். முதலாளி வயிரமுத்துப் பிள்ளை தம் மகள் மரகதத்தை அவனுக்குத் தர இசையவில்லை. துப்பாக்கி ஏந்தியவன் இனிக் கணக்கேட்டின்முன் அடங்கி அமரான் என்பதே அவர் கருத்து. அவர் கொடியவரல்லர், அயல்நாட்டில் தாம் எழுப்பிய வாழ்வு நிலைக்க வேண்டுமென அஞ்சுபவர். எனவே இங்கு மோதுவன இரு தொழிலறங்கள். காதல் அம்மோதலில் பலியாகிறது.

குறையும் ஒன்று உண்டு. முதலாளியின் உள்ளம் திறந்து காட்டப்பட்ட அளவிற்கு மரகதத்தின் உள்ளம் காட்டப்படவில்லை. பாலையில் தலைவியின் குரல் ஓங்கித் தொழில் மறைந்தது. ஈண்டுத் தொழில் ஓங்கித் தலைவியின் குரல் தாழ்ந்தது.

புலம்பெயர்ந்தோர் இலக்கியத்தை ஏக்கம் என்னும் ஒரே கோலால் அளத்தல் சாலாது. சென்றவிடத்து எவ்வாறு உழைத்தனர், அவ்வுழைப்பு அவர்தம் அறத்தை எவ்வாறு மாற்றிற்று என்பனவும் ஆராயற்பாலன. அவ்வாராய்ச்சிக்குச் சிங்காரத்தின் இப்புதினம் நல்லதொரு தொடக்கமாகும்.