முட்டத்தோடு திரும்பிவிடாதீர்கள்

முட்டத்துக்கு எல்லோரும் போகிறார்கள். ‘அலைகள் ஓய்வதில்லை’ எடுத்த பாறை எது, ‘கடலோரக் கவிதைகள்’ எடுத்த மேடு எது என்று விசாரித்து, மேலே ஏறி நின்று படம் பிடித்து, சூரியன் விழுந்ததும் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். அந்தப் படங்களை எடுத்த பாரதிராஜா மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. ஆனால் அதே பாறையில் நின்றபடி மேற்கே கொஞ்சம் தலையைத் திருப்பினால் ஓர் ஊர் தெரியுமே, அதை ஏன் ஒருவரும் கேட்பதில்லை? அதுதான் கடியப்பட்டணம். குமரி மாவட்டத்தில் எனக்குப் பிடித்த ஊர் எது என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் அதைத்தான் சொல்வேன். சொன்னால் சொந்த ஊர்க்காரர்களே சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

நான் உள்நாட்டுக்காரன். வயலும் குளமும் வாய்க்காலும் பார்த்து வளர்ந்தவன். கடல் என்றால் மீன் வருகிற இடம் என்ற அளவில்தான் எங்கள் வீட்டில் பேச்சு. அப்படிப்பட்டவனைப் பிடித்து இழுத்தது கடல்கூட இல்லை, ஒரு சின்ன ஆறு. வள்ளியாறு! வேளிமலையில் பிறந்து, கல்குளம், இரணியல் பக்கத்து வாய்க்கால், குளங்களின் வடிநீரையெல்லாம் வாங்கிக்கொண்டு, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் ஓசையில்லாமல் வந்து கடியப்பட்டணத்துக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடையில் கடலைத் தொடுகிறது. வேளிமலை என்றால் குமாரகோவில். முருகன் வள்ளியைக் கைப்பிடித்தது அங்கேதான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. அந்தக் குறத்தியின் பெயரைச் சுமந்து வருகிற தண்ணீர், பேதுருவும் பவுலும் காவல் நிற்கிற ஊரில் போய் முடிகிறது. ஒரு காலைப்பொழுதில் மலையிலிருந்து கடல்வரை போய்வந்துவிடலாம். இத்தனை சின்ன தூரத்துக்குள் இத்தனை உலகங்களா!

ஆறு கடலில் கலக்கிற இடத்தை இங்கே பொழி என்கிறார்கள். வெயில் காலத்தில் கடல் மணலைக் கொண்டுவந்து குவித்துப் பொழியை மூடிவிடும். அப்போது ஆறு அசையாமல் கிடக்கும். கரையில் தென்னை தலைகீழாகத் தெரியும். மழை பெய்து ஆற்றில் தண்ணீர் கூடியதும் மணல்திட்டு உடையும். உடைகிற நாளைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். செந்தண்ணீர் பாய்ந்து போய் நீலத்தில் விழுகிறது. கொஞ்ச தூரம் இரண்டும் ஒட்டாமல் ஓடுகின்றன. நான் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நின்று பார்த்தேன். அருகில் நின்ற பையன்களுக்கு அது பெரிய விஷயமே இல்லை. பந்து ஆற்றோடு போய்விட்டதே என்பதுதான் அவர்கள் கவலை.

இந்த ஊரின் உண்மையான பொக்கிஷம் என்று நான் நினைப்பது மீனவர்களின் கணியம். கருவி எதுவும் இல்லாத காலத்தில் நடுக்கடலில் ஒரு குறிப்பிட்ட பாரை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பார் என்றால் கடலுக்கடியில் கிடக்கிற பாறைத்தொடர்; மீன் கூடுகிற இடம். மேலே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர்தான். கரையில் தெரிகிற ஏதாவது இரண்டு பொருளை, முன்னால் ஒரு கோபுரம், பின்னால் ஒரு மலைமுடி என்று, ஒரே கோட்டில் கொண்டுவருகிறார்கள். வேறொரு பக்கத்தில் இன்னும் இரண்டை அதேபோல் இணைக்கிறார்கள். கோடுகள் இரண்டும் வெட்டுகிற புள்ளியில் தூண்டிலை விட்டால் கீழே பார்! ஒரு பாட்டா மணலில் விரலால் கோடு போட்டு எனக்கு விளக்கினார். “வேளிமலை கண்ணுல இருக்கிறவரைக்கும் நாம வீட்டுலதான் இருக்கோம் மக்களே” என்றார். ஆறு புறப்படுகிற அதே மலை கடலில் அடையாளக்கல் ஆகிறது! எனக்குப் பள்ளிக்கூடத்தில் வடிவியல் நடத்தியவர் இவராக இருந்திருந்தால் நான் உருப்பட்டிருப்பேன். இப்போது எல்லா வள்ளத்திலும் ஜி.பி.எஸ். இருக்கிறது. இருந்தாலும் கணியம் தெரிந்த கிழவரைச் சின்னப் பையன்கள் தனி மரியாதையோடுதான் பார்க்கிறார்கள்.

படகுகளின் கதையும் இந்தக் கரையில் சுவையானதுதான். கட்டுமரம் ஆண்ட கடல் இது. இன்னும் ஒன்றிரண்டு மணலில் கிடக்கக் காணலாம். அடுத்த ஊரான முட்டத்தில், பெல்ஜியத்திலிருந்து வந்த பியர் ஜில்லே என்பவர் மீனவர்களோடு உட்கார்ந்து ஒட்டுப்பலகை வள்ளங்களை உருவாக்கிப் பார்த்தார். இந்தக் கரையின் அலையடிப்பில் இறங்கி ஏறத் தெரிந்த வள்ளம் வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும் என்பது கணக்கு. பிறகு ஃபைபர் வந்தது, வெளிப்பொருத்து எஞ்சின் வந்தது. தூரம் கூடியது, மண்ணெண்ணெய்க் கடனும் கூடியது.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். சிப்பி! இதைச் சாப்பிடாமல் குமரி மாவட்டத்தைப் பற்றி யாரும் எழுதக்கூடாது என்று சட்டம் போட வேண்டும். கடலோரப் பாறைகளில் பழுப்பு ஓட்டோடு கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனி ஆடிக் கொந்தளிப்பு அடங்கிக் கடல் தெளிந்ததும் ஆட்கள் மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து சுரண்டி, இடுப்பு வலைப்பையில் நிரப்பிக்கொண்டு மேலே வருவார்கள். அலை பாறையில் அடிக்கிற இடத்தில் செய்கிற வேலை. தப்பினால் முதுகுத்தோல் பாறையோடு போய்விடும். அவித்து, ஓடு பிரித்து, தேங்காயும் மிளகும் உள்ளியும் சேர்த்துப் புரட்டி, பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கை வைத்துக் கொடுத்தார்கள். நான் பேசுவதை நிறுத்திய சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று.

கல்றாலும் இந்தப் பாறைகளின் பிள்ளைதான். பனைமட்டை நாரில் கூடு பின்னி, உள்ளே சிப்பிச் சதையை இரையாக வைத்து, பாறை இடுக்கில் இறக்கிப் பிடிப்பது இந்தக் கரையின் பழைய முறை. குளச்சலிலிருந்து முட்டம் வரை கல்றாலுக்குப் பெயர்போன கடல்; மீன்வள ஆராய்ச்சியாளர்கள் தேடி வந்து எழுதியிருக்கிறார்கள். பிடித்தவர் வீட்டில் அதைச் சாப்பிட்டதாக மட்டும் நான் கேள்விப்படவில்லை. கிடைத்ததும் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறது. சாளையும் அயிலையும்தான் வீட்டுச் சட்டிக்கு.

கரையில் ஏலம் நடக்கும்போது ஓரமாக நில்லுங்கள். பெண்கள் ராஜ்யம் அது! எந்த வலையில் எவ்வளவு என்று வள்ளம் கரை ஏறுவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. நான் ஒரு குவியலை வெகுநேரம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். “என்னய்யா, பாத்துட்டுப் போறதுக்கு மீன் என்ன கலியாணப் பொண்ணா?” என்று ஒரு மாமி கேட்டார். வாங்கினேன். இந்த மாமிகள் கடவத்தில் சுமந்து வந்த மீனைத்தான் எங்கள் உள்நாட்டு வீடுகள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டன. வாசலில் நின்று பேரம் பேசினோமே தவிர, அவர்கள் வருகிற ஊரை நாங்கள் போய்ப் பார்த்ததில்லை.

வரலாறு வேண்டுமா, இருக்கிறது. 1544 கடைசியில் பிரான்சிஸ் சவேரியார் திருவிதாங்கூர்க் கடற்கரை வழியாக நடந்தபோது ஞானஸ்நானம் கொடுத்த முக்குவ மீனவர் ஊர்களில் கடியப்பட்டணமும் ஒன்று. பூவாறு, தூத்தூர், இனயம், குளச்சல், முட்டம், பள்ளம் என்று நீள்கிற அந்தப் பட்டியல் இன்றைக்கும் அப்படியே கடற்கரைப் பஸ் ரூட்டுதான். ஒரே மாதத்தில் பத்தாயிரம் பேருக்கு மேல் என்று 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து கடிதம் எழுதினார். அந்த எண்ணைவிட என்னை உலுக்கியது வேறொன்று. ஞானஸ்நானம் கொடுத்ததும் ஒவ்வொருவர் கையிலும் அவருடைய புதுப்பெயரை எழுதிக் கொடுத்தாராம். ஏட்டையே தொட்டறியாத கைகள் எத்தனை இருந்திருக்கும்! அலைச்சத்தத்துக்கு நடுவே வரிசையில் நின்று தன் பெயரை வாங்கிக்கொண்டு, மனைவி மக்களையும் அழைத்துவரத் திரும்பிப் போன அந்த மனிதர்களை இந்த மணலில் நின்று நினைத்துப் பாருங்கள்.

மணல் என்றேனே, அதுவும் சாதாரண மணல் இல்லை. கருப்பும் சிவப்பும் வரிவரியாகக் கிடக்கும். இல்மனைட், கார்னெட், மோனசைட். இங்கிருந்து போன தென்னந்தும்பில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் 1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலிருக்கும் தோரியம் அன்றைக்குக் காஸ் விளக்கின் மேன்டிலுக்குத் தேவைப்பட்டது. கதம்பல் என்கிற தேங்காய் மட்டையை அழுக வைத்துத் தும்பு அடித்துப் பிழைத்த கரை, அப்படியே ஐரோப்பியத் தெருக்களுக்கு வெளிச்சம் அனுப்பிய கரையானது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை இன்றும் ஓடுகிறது. மணலை அள்ளுவது பற்றிக் கடற்கரை மக்களுக்கு அச்சமும் கோபமும் உண்டு. அதைக் கேட்காமல் கருமணலின் அழகை மட்டும் எழுதினால் அவர்கள் என்னை அடுத்தமுறை ஊருக்குள் விடமாட்டார்கள்.

இந்த ஊரில் எது பேசினாலும் கடைசியில் கோயிலில் போய்த்தான் நிற்கும். புனித பேதுரு பவுல் ஆலயம். பேதுரு வலை வீசியவர். பவுல் கப்பல் உடைந்து மால்டா தீவில் கரை ஒதுங்கியவர். கடலோர ஊருக்கு இதைவிடப் பொருத்தமான ஜோடி அமையுமா! வழிபாடு மட்டுமல்ல, ஊர்ப் பஞ்சாயத்து, கணக்கு வழக்கு, வாலிபர் சண்டை எல்லாமே அதைச் சுற்றித்தான். இருபது முப்பது வீடுகள் சேர்ந்தால் ஓர் அன்பியம். ஒரு வீட்டில் துக்கம் என்றால் அன்று அடுத்த வீட்டு அடுப்பில் அவர்களுக்கும் சேர்த்து உலை கொதிக்கிறது. 2017இல் ஒக்கி புயல் அடித்து, கடலுக்குப் போனவர்களை எதிர்பார்த்துக் குமரிக் கடற்கரை முழுக்க விழித்திருந்தபோது, அரசாங்கத்தைவிட முன்னால் நின்றவை இந்தக் கரையின் கோயில் முற்றங்கள்தான் என்று அந்த நாட்களைப் பார்த்தவர்கள் சொல்வார்கள். நான் அதை நம்புகிறேன்.

நாகர்கோவிலிலிருந்து அம்மாண்டிவிளை வழியாக வந்துவிடலாம்; இருபது கிலோமீட்டர்கூட முழுசாக வராது. பேதுரு பவுல் திருநாள் ஜூன் 29. ஆனியில் கடல் கரையை வந்து முட்டிக்கொண்டிருக்கும், மேற்குக்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளும் ஊர் திரும்ப ஆசைப்படுகிற நேரம். ஆனால் அப்போது வந்தால் சிப்பி கிடைக்காது. சிப்பிக் காலத்தில் வந்தால் திருநாள் கிடைக்காது. ஆகவே இரண்டு தடவை வாருங்கள். போகிற வழியில் வேண்டுமானால் முட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.