கறுப்புக்குக் கண்ணாடி இல்லை

இங்கிலாந்தின் டியூக்ஸ்பரி தேவாலயத்தில் பலிபீடத்துக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்தால், உயரத்தில் ஏழு வண்ணக் கண்ணாடிச் சன்னல்கள். 1340-ஐ ஒட்டிய வேலை. மேற்கோரத்துச் சன்னல்கள் இரண்டிலும் நால்வர் நால்வராக எட்டு வீரர்கள். அந்த ஊருக்கு உரிமை கொண்டிருந்த பிரபுக்கள். முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. சட்டைதான் பெயர் சொல்கிறது.

மஞ்சள் சட்டையில் கூரை முகடுபோல மூன்று சிவப்புப் பட்டைகள் இருந்தால் அவர் கிளேர் குடும்பத்தார். இப்படிக் குலச்சின்னம் வரைய ஒரு பழைய விதி உண்டு: பொன் (மஞ்சள்), வெள்ளி (வெள்ளை) என்ற உலோகங்களின்மேல் சிவப்போ நீலமோ வரலாம், நிறத்தின்மேல் நிறம் கூடாது. தூரத்திலிருந்தே ஆள் தெரிய வேண்டுமே! அந்த விதியின் அருமை, கழுத்து வலிக்க மேலே பார்க்கும்போது புரிகிறது. அந்தச் சிவப்பும் சும்மா வரவில்லை. முழுக் கனத்துக்கும் சிவப்பு ஏற்றினால் கண்ணாடி இருண்டுவிடும். அதனால் வெள்ளைக் கண்ணாடிமேல் சிவப்பை மெல்லிய தோலாகப் படியவைத்தார்கள்.

எட்டுப் பேரில் எனக்குப் பிடித்தது ஹியூ டெஸ்பென்சரின் சட்டை. வெள்ளையும் சிவப்புமாய் நான்கு கட்டங்கள். சிவப்பில் பொன் பின்னல். அத்தனைக்கும் குறுக்கே சாய்வாக ஒரு கறுப்புப் பட்டை. ஒளியால் ஆன படத்தில் கறுப்புக்கு எங்கே போவது? கரிய பூச்சைத் தீட்டிச் சூளையில் சுட்டு, வெளிச்சத்தை அடைத்துவிடுகிறார்கள். அடைபட்ட அந்த இடம்தான் பக்கத்துப் பொன்னை இன்னும் மினுக்குகிறது.

இந்த ஹியூவை 1326-இல் ஹியர்ஃபோர்டில் துரோகி என்று தூக்கிலிட்டு, உடலை நான்காக வெட்டினார்கள். நான்கு துண்டான உடம்புக்கு நான்கு கட்டச் சட்டை! சின்னம் அவருக்கு முன்பே குடும்பத்தில் இருந்ததுதான். தெரிந்தும் கண் அங்கேயே போய் நிற்கிறது.

இந்தச் சன்னல்களைச் செய்வித்தவர் அவருடைய மனைவி எலனோர் டி கிளேர் என்று கருதுகிறார்கள். 1314-இல் பானக்பர்ன் போரில் மாண்ட அண்ணன் கில்பர்ட், முதல் கணவர் ஹியூ, இரண்டாம் கணவர் வில்லியம் லா ஸூஷ் என்று அவருடைய ஆண்கள் மேலே குலச்சின்னத்தோடு நிற்கிறார்கள். கிழக்குச் சன்னலிலோ இறுதித் தீர்ப்புக் காட்சி. அதன் கீழ்மூலையில் சின்னஞ்சிறு பெண்ணுருவம் ஒன்று மண்டியிட்டிருக்கிறது. அது எலனோர்தான் என்கிறார்கள். உடம்பில் ஒரு நூலும் இல்லை. சின்னம் எழுதச் சட்டையே இல்லை.