கன்வெர்ட்டர் வயரும் பழைய பவர் சப்ளையும்

கொழும்பு அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் போன்ற பாவித்த பெட்டிதான் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்துப் பிள்ளையொருவரின் கைக்கு எட்டக்கூடிய கணினி. அதில் வீடியோ எடிட்டிங்கோ முப்பரிமாண வரைகலையோ செய்யவேண்டுமானால் கிராஃபிக்ஸ் கார்ட் வேண்டும். கார்ட் கேட்கும் ஆறு பின், எட்டு பின் இணைப்பு பழைய பவர் சப்ளையில் இருக்காது. கடையில் கன்வெர்ட்டர் வயர் இருக்கிறது. ஹார்ட் டிஸ்குக்குப் போகும் வயரை அதன் ஒரு முனையில் செருகி, மறுமுனையைக் கார்டில் செருகினால் படம் வந்துவிடுகிறது. இந்த ஒட்டுவேலையைக் கண்டமாத்திரத்தில் தலையில் அடித்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை.

காரணம் காசு. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதம் 360-ஐத் தொட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் எதீரியம் நாணயச் சுரங்கத்துக்குக் கிராஃபிக்ஸ் கார்ட் தேவையில்லை என்றானது. உலகெங்கும் அந்தக் கார்டுகள் பாவித்த பொருட்களின் சந்தைக்கு வந்து கொட்டின. புதிய பவர் சப்ளைக்கு அப்படி விலை இறங்கும் அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. போதாக்குறைக்கு, ஆப்டிபிளெக்ஸ் 9020 போன்ற பெட்டிகளின் மதர்போர்ட் இணைப்பு வழக்கமான 24 பின் அல்ல, டெல்லுக்கே உரிய எட்டு பின். முறையாகச் செய்ய நினைத்துப் புது பவர் சப்ளை வாங்குகிறவரும் இன்னொரு கன்வெர்ட்டர் வயரைத் தேடித்தான் ஆகவேண்டும். இதில் பாதிப் பழி தயாரித்தவர்களுக்குரியது.

வயரிலேயே குற்றம் இருக்கிறது என்றும் சொல்லமுடியாது. ஆறு பின் இணைப்புக்கு வரையறுத்த அளவு 75 வாட். நல்ல பவர் சப்ளையின் பெரிய நாலு பின் வயர்கள் இரண்டிலிருந்து அதை எடுத்தால் பெரிய சிரமமில்லை. ஹார்ட் டிஸ்குக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து எடுப்பதுதான் ஆபத்து. சாட்டா இணைப்பில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 அம்பியர், மொத்தம் 54 வாட். அதை எட்டு பின்னாக மாற்றி 150 வாட் கேட்டால் பிளாஸ்டிக் இளகாமல் என்ன செய்யும்?

வயரைத் தாண்டினால் பவர் சப்ளையின் கணக்கு இருக்கிறது. லேபிளில் 400 வாட் என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். பழைய பவர் சப்ளைகளில் பலவும் 5 வோல்ட், 3.3 வோல்ட் பக்கம் பலமாகச் செய்யப்பட்டவை. அன்றைய கணினிக்கு அது பொருந்தியது. இன்றைய கார்ட் குடிப்பது கிட்டத்தட்ட முழுக்க 12 வோல்ட்டை. அந்த வரியில் 16 அம்பியர் என்றிருந்தால் கையில் உள்ளது 192 வாட்தான். ஆர்.எக்ஸ். 580 கார்ட் 185 வாட் கேட்கிறது, நான்காம் தலைமுறை ஐ5 பிராசசர் 84 வாட் வரை கேட்கிறது. 400 என்ற எண்ணை நம்பியவர் ஏமாந்தார். பத்து வருடம் சூட்டில் வெந்த கபாசிட்டர்களைக் கொண்ட பெட்டி, லேபிளில் உள்ளதையாவது தரும் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

மென்பொருளால் கார்டின் மின்நுகர்வைக் குறைத்துவிடலாம் என்று விஷயம் தெரிந்த இளைஞர்கள் வாதாடுவார்கள். ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் அளவைக் குறைப்பது உண்மையிலேயே பயனுள்ள வேலை, சூடும் தணியும். ஆனால் விண்டோஸ் ஏறி அந்த மென்பொருள் ஓடத் தொடங்கிய பிறகுதான் கார்ட் கட்டுப்படும். சராசரியைக் குறைத்தாலும், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எகிறும் உச்சம் முழுதாகப் போய்விடாது. தயாரிப்பாளர்களே தவறியிருக்கிறார்கள்: 2016இல் ஏ.எம்.டி. வெளியிட்ட ஆர்.எக்ஸ். 480, மதர்போர்ட் ஸ்லொட்டிலிருந்து 75 வாட்டுக்கு மேல் இழுத்து, பிறகு டிரைவர் மாற்றத்தால் திருத்தப்பட்டது.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். நம் ஊருக்கென்று ஒன்று உண்டு. நல்ல பவர் சப்ளை சுமை மீறினால் தானே அணைந்துவிடும், நட்டம் அவ்வளவே. பெயர் தெரியாத மலிவுப் பெட்டியில் அந்தப் பாதுகாப்பு இருக்கும் என்று நம்பமுடியாது.  தோட்டத்து லயக் காம்பராவிலோ பிளக் பொயின்ட் ஒன்றிரண்டுதான். எக்ஸ்டென்ஷன் போர்டில் ரைஸ் குக்கர், ஃபேன், கணினி எல்லாம் தொங்குகின்றன. நம் சப்ரகமுவ இடிமின்னலுக்குப் பேர்போன பகுதி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மின்னொழுக்கால் லயம் எரிந்த செய்தி மலையகத்துக்குப் புதிதல்ல. எரியும்போது ஒரு காம்பராவோடு நிற்பதுமில்லை, ஏனென்றால் கூரை எல்லோருக்கும் ஒன்று. தனிவீட்டுக்காரர் இந்த வயரைப் பூட்டினால் அது அவர் துணிச்சல். லயத்தில் பூட்டினால் பக்கத்துக் காம்பராவில் தூங்குகிறவர்களின் சம்மதம் கேளாமல் எடுத்த முடிவு. இந்த வழக்கத்தின் மீது எனக்குள்ள முதன்மையான ஆட்சேபம் இதுதான்.

ஆகவே ஒட்டுவேலையை அடியோடு தள்ளவேண்டியதில்லை. சாட்டா கன்வெர்ட்டரைத் தள்ளவேண்டும். ஸ்லொட் தரும் 75 வாட்டுக்குள்ளேயே ஓடும் கார்டுகள் இருக்கின்றன. ஜி.டி. 1030க்கு 30 வாட் போதும், ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ., 1650 இரண்டிலும் தனி வயர் கேட்காத வகைகள் உண்டு. பெட்டி சிறியதென்றால் உயரம் குறைந்த கார்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆசைப்பட்டால் முதலில் பவர் சப்ளை, பிறகு கார்ட். கடைக்குப் போகுமுன் உங்கள் பவர் சப்ளையின் லேபிளைப் போனில் படமெடுத்து, 12 வோல்ட்டுக்கு எத்தனை அம்பியர் என்று பார்த்து, 12ஆல் பெருக்குங்கள். அந்த எண்ணைக் கடைக்காரரிடம் காட்டிவிட்டுக் காசைக் கொடுங்கள்.