காணாமற்போன ஓர் ஏடு: எராஸ்மஸ் பதிப்பிலிருந்து நாம் கற்கக்கூடியது

‘பாடபேதம்’, ‘இடைச்செருகல்’ என்ற இரண்டு சொற்களையும் நம் மாணவர்கள் மனப்பாடம் செய்து விடைத்தாளில் எழுதிவிடுகிறார்கள். ஓர் உதாரணம் சொல்லுப்பா என்றால் பலரும் தடுமாறுவார்கள். விவிலியப் பதிப்பு வரலாற்றில் இதற்குத் தெளிவான உதாரணங்கள் இருக்கின்றன. சமய நம்பிக்கையை எடைபோடுவது இங்கே நோக்கமில்லை. ஒரு நூல் கைமாறிக் கைமாறி வரும்போது அதன் சொற்களுக்கு என்ன ஆகிறது என்பதே கேள்வி.

1516இல் பாசல் நகரில், ஃபுரோபன் அச்சகத்தின் வழியாக எராஸ்மஸ் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தில் வெளியிட்டார். அச்சாகி விற்பனைக்கு வந்த முதல் கிரேக்கப் புதிய ஏற்பாடு அதுதான். அவசர வேலை, கையில் இருந்த சுவடிகளும் கொஞ்சம்தான். கடைசி நூலான வெளிப்படுத்தலுக்கு ஒரே ஒரு கிரேக்கச் சுவடி கிடைத்தது. அதிலும் கடைசி ஏடு இல்லை. என்ன செய்தார் தெரியுமா? லத்தீன் விவிலியத்தைப் பார்த்து, கடைசி ஆறு வசனங்களைத் தாமே கிரேக்கத்தில் எழுதிச் சேர்த்துவிட்டார்.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேட்கலாம். 22ஆம் அதிகாரம் 19ஆம் வசனத்தைப் பாருங்கள். கிரேக்கச் சுவடிகளில் அங்கே இருப்பது வாழ்வின் ‘மரம்’. லத்தீனில் மரத்துக்கு ‘லிக்னோ’, புத்தகத்துக்கு ‘லிப்ரோ’. படியெடுத்தவர்கள் கையில் ஒன்று மற்றொன்றாகிவிட்டது. எராஸ்மஸ் அந்தப் ‘புத்தக’த்தையே கிரேக்கமாக்கினார். அவர் பதிப்பின் வழிவந்த பதிப்புகள் அதைச் சுமந்தன. 1611இன் ஆங்கில மொழிபெயர்ப்பும் சுமந்தது. தமிழின் பழைய மொழிபெயர்ப்பில் ‘ஜீவபுஸ்தகம்’ என்றே இருக்கிறது. 1995இல் வந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் அது மரமாகிவிட்டது. பாசலில் இல்லாத ஓர் ஏடு தமிழ் வாசகர் வரை வந்திருக்கிறது!

எராஸ்மசின் குறை எது? ஏடு இல்லாதது அவர் குற்றமில்லை. லத்தீனிலிருந்து சேர்த்ததைக் குறிப்புரையில் சொல்லவும் செய்தார். ஆனால் மூலப் பகுதியில் அந்த வரிகளுக்கு எந்த அடையாளமும் இல்லை. குறிப்புரையைப் புரட்டாதவருக்கு எல்லாமே கிரேக்க மூலம்தான்.

இன்னொரு இடம் யோவானின் முதல் கடிதம், 5:7. விண்ணகத்தில் தந்தை, வார்த்தை, தூய ஆவி மூவரும் சாட்சி என்ற வரி 1516, 1519 பதிப்புகளில் இல்லை; அவர் பார்த்த கிரேக்கச் சுவடிகளில் அது இல்லை. கடும் எதிர்ப்பு கிளம்பியது. பிறகு அந்த வரியுள்ள ஒரு கிரேக்கச் சுவடி இங்கிலாந்திலிருந்து தெரியவந்தது. அது எராஸ்மசின் காலத்திலேயே எழுதப்பட்டது. 1522 பதிப்பில் வரி ஏறிவிட்டது.

“ஒரு சுவடியைக் காட்டுங்கள், சேர்க்கிறேன்னு வாக்குக் கொடுத்து மாட்டிக்கிட்டார்” என்று ஒரு கதை சொல்வார்கள். 1980இல் டி யோங்கே என்ற நெதர்லாந்து அறிஞர் எராஸ்மசின் எழுத்துகளையே ஆராய்ந்து, அப்படி ஒரு வாக்குறுதிக்குச் சான்றில்லை என்று காட்டினார். பழிச்சொல்லுக்கு இடம் தரக்கூடாது என்பதே எராஸ்மஸ் தாமே சொன்ன காரணம். அந்தக் கதையைத் தம் நூலில் எழுதியிருந்த புரூஸ் மெட்ஸ்கர் பிந்தைய பதிப்பில் அதைத் திருத்தினார். பாடபேத வரலாற்றைச் சொல்லும் கதைக்குள்ளேயே ஓர் இடைச்செருகல்!

1831இல் லாக்மன், 1881இல் வெஸ்ட்காட், ஹார்ட் எனப் பின்வந்தவர்கள் இந்த வழிவழிப் பாடத்தை விட்டு, பழைய சுவடிகளை அடிப்படையாகக் கொண்டார்கள். சுவடிகளை எண்ணக்கூடாது, எடைபோட வேண்டும் என்பது அவர்கள் முறை. ஒரே பிழையை நூறு பிரதிகள் படியெடுத்தாலும் சாட்சி ஒன்றுதான். இன்றைய ஆய்வுப் பதிப்புகளில் பக்கத்தின் அடியிலேயே மாற்றுப் பாடங்களும் அவற்றைத் தாங்கும் சுவடிகளும் வரிசையாக இருக்கும். பதிப்பாசிரியர் எடுத்த முடிவை நாமே சோதிக்கலாம். என் கணிப்பில், 1516க்குப் பிறகு நடந்த பெரிய முன்னேற்றம் இதுதான்.

எராஸ்மசைக் குறைசொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் அவர் மூலத்தை அச்சில் ஏற்றிக் குறிப்புரையும் எழுதியதால்தான் மற்றவர்கள் அவரைத் திருத்த முடிந்தது. தேர்வில் எழுதும்போது இரண்டையும் எழுதுங்கள். ‘இது இடைச்செருகல்’ என்று மட்டும் எழுதினால் பாதி விடைதான். எந்தச் சுவடியில் இல்லை, எப்போது நுழைந்தது, ஏன் நுழைந்திருக்கும் என்ற மூன்றையும் சொன்னால்தான் அது திறனாய்வு. வகுப்பில் இரண்டு தமிழ் மொழிபெயர்ப்புகளிலும் அந்த 22:19ஐப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். மீதியை மாணவர்களே கேட்பார்கள்.